சால்வர் சி++, நம்ம கோடு வேற மொழி: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பெங்களூரு வெளிவட்டச் சாலை அலுவலகங்களுக்கு ஷிஃப்ட் பட்டியல் போடுவதும் கேப் ஒதுக்குவதும்தான் எங்கள் குழுவின் வேலை. மாரத்தஹள்ளியில் ஏறுபவரை ஹெப்பால் வழியாகச் சுற்றவைக்கலாமா, இரவு ஷிஃப்டில் கடைசியாக இறங்குபவர் பெண் என்றால் கூடக் காவலர் உண்டா, ராத்திரி வேலை பார்த்தவரை மறுநாள் காலையிலேயே கூப்பிடலாமா என்று நிபந்தனைகள் நீண்டுகொண்டே போகும். இவற்றைத் தீர்க்கும் வேலையைக் கன்ஸ்ட்ரெயின்ட் சால்வரிடம், அதாவது நிபந்தனைகளைக் கொடுத்தால் அவற்றுக்குப் பொருந்தும் விடையைத் தேடித் தரும் மென்பொருளிடம், விட்டுவிடுகிறோம். ஜீகோட், மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சிலிருந்து வந்த இசட்3, கூகுள் ஓஆர்-டூல்ஸில் இருக்கும் சிபி-சாட் எல்லாமே சி++-இல் எழுதப்பட்டவை. அவற்றைக் கூப்பிடும் மென்பொருளோ ஜாவாவிலோ பைதானிலோ நோட் ஜேஎஸ்ஸிலோ இருக்கும்.

சிக்கல் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவே தரவு கைமாறும் இடத்தில்தான் வருகிறது. குழுவுக்குப் புதிதாக வருபவர்கள் எந்த வார்த்தையில் வந்து சொல்வார்களோ, அதையே கீழே தலைப்பாக வைத்திருக்கிறேன். சத்தம் போட்டுச் சாகிற பிழைகளைச் சுருக்கமாகவும், சத்தமே இல்லாமல் தப்பு விடை தருகிறவற்றை நீளமாகவும் எழுதியிருக்கிறேன். முதல் வகை எப்படியும் பிடிபட்டுவிடும். இரண்டாம் வகைதான் ஒருநாள் யாரையாவது அதிகாலை இரண்டு மணிக்கு வண்டியில்லாமல் எலக்ட்ரானிக் சிட்டியில் நிறுத்திவைக்கும்.

எதையும் தொடுவதற்கு முன்

மாடலை, அதாவது சால்வருக்குக் கொடுக்கும் மாறிகளும் நிபந்தனைகளும் அடங்கிய தொகுப்பை, ஒரு கோப்பில் எழுதி எடுங்கள். சிபி-சாட்டில் பைதான், ஜாவா, சி ஷார்ப் மூன்றிலுமே மாடலைக் கோப்பாக ஏற்றுமதி செய்ய ஃபங்ஷன் இருக்கிறது. இசட்3 என்றால் எஸ்எம்டி-லிப் வடிவில் எழுதலாம். ஜீகோட் போன்ற சால்வர்களுக்கு மாடல் எழுதும் மொழியான மினிசிங்க் என்றால் ஃப்ளாட்சிங்க் கோப்பு கிடைக்கும். அந்தக் கோப்பை உங்கள் மென்பொருள் இல்லாமல், சால்வரின் சொந்தக் கட்டளைவரிக் கருவியில் ஓட்டிப் பாருங்கள்.

அங்கேயும் அதே தப்பு விடை வந்தால், கோப்பைத் திறந்து நீங்கள் சொல்ல நினைத்ததுதான் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே சரியாக வந்து உங்கள் மென்பொருளில் மட்டும் சொதப்பினால், மாடலை விட்டுவிடலாம், குற்றம் சால்வரையும் உங்கள் மொழியையும் இணைக்கும் பைண்டிங்கில். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஜாவா கோடை வரிவரியாகத் துழாவுவது வீண் வேலை.

"லைப்ரரியே லோடு ஆகல"

ஜாவாவில் இதன் பெயர் அன்சாட்டிஸ்ஃபைடு லிங்க் எரர். பெயர் ஒன்றுதான், உள்ளே மூன்று வேறு நோய்கள். செய்தியை முழுதாகப் படித்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஜாவா லைப்ரரி பாதையில் அந்தப் பெயரே இல்லை என்று சொன்னால், கோப்பு கிடைக்கவில்லை. ஓஆர்-டூல்ஸ் பயன்படுத்துபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, லோடர் வகுப்பின் லோடு நேட்டிவ் லைப்ரரீஸ் ஃபங்ஷனை எல்லாவற்றுக்கும் முன்னால் கூப்பிட்டீர்களா என்பதை.

முழுப் பாதையோடு ஒரு கோப்பின் பெயரைச் சொல்லி, அப்புறம் வேறொரு கோப்பைத் திறக்க முடியவில்லை என்றால், முதல் கோப்பு கிடைத்துவிட்டது. அது சார்ந்திருக்கும் இன்னொன்று கிடைக்கவில்லை. ஜாவா லைப்ரரி பாதை முதல் கோப்புக்கு மட்டும்தான் உதவும். அதற்கு அடுத்ததைத் தேடுவது லினக்ஸின் லோடர், அதற்கு ஜாவாவின் அமைப்பு எதுவும் தெரியாது. எல்டிடி கட்டளையை அந்தக் கோப்பின்மேல் ஓட்டினால் எது காணவில்லை என்று வரிசையாகச் சொல்லும். எல்டி லைப்ரரி பாத் என்ற சூழல் மாறியை வைத்துச் சரிசெய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: லோடர் அதைப் படிப்பது நிரல் தொடங்கும்போது மட்டும். பைதானுக்குள்ளிருந்து அதை மாற்றி எழுதிப் பயனில்லை. லைப்ரரியைக் கட்டும்போதே, எங்கே தேட வேண்டும் என்பதை அதற்குள்ளேயே எழுதிவைக்கும் ஆர்-பாத் வைத்துவிடுவது நல்லது. டெப்ளாய் செய்கிறவர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மூன்றாவது வகையில், கோப்பின் பெயருக்குப் பதிலாக ஒரு மெத்தடின் பெயர் வரும். லைப்ரரி லோடாகிவிட்டது, அதற்குள் அந்த ஃபங்ஷன் இல்லை. ஜேஎன்ஐ (ஜாவாவையும் சி++-ஐயும் இணைக்கும் வழி) ஃபங்ஷன் பெயரில் பேக்கேஜின் பெயரும் வகுப்பின் பெயரும் சேர்ந்தே இருக்கும். யாரோ பேக்கேஜை மாற்றிவிட்டுச் சி++ பக்கத்தை மறந்திருப்பார்கள்.

இதன் பங்காளி ஒன்று டாக்கரில் வரும். கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்கிறது. அடிப்படை இமேஜ் அல்பைனா என்று பாருங்கள். அல்பைனில் இருப்பது மசில் சி லைப்ரரி. மற்ற லினக்ஸ்களில் வழக்கமான ஜிலிப்சிக்காகக் கட்டிய சால்வர் தேடுகிற லோடர் அங்கே கிடையாது. இமேஜின் அளவு கொஞ்சம் பெரிதானால் பரவாயில்லை, டெபியன் ஸ்லிம்முக்கு மாறிவிடுங்கள். ஆப்பிள் சிலிக்கான் லேப்டாப்பில் கட்டியதை எக்ஸ்86 சர்வருக்கு அப்படியே அனுப்புவதும் இதே குடும்பம்தான்.

"லோடு ஆகுது, சிம்பல் கிடைக்கலைங்குது"

செய்தியில் அடிக்கோடு, இசட், என் என்று தொடங்கி நீளமாக ஒரு பெயர் வந்தால் அது சி++ உருமாற்றிய பெயர். சால்வரைச் சுற்றி நீங்களே எழுதிய இணைப்புக் கோடு (ரேப்பர்) என்றால் எக்ஸ்டெர்ன் "சி" போட மறந்திருக்கிறது. மற்றவர் கட்டியது என்றால், பெயருக்குள் சிஎக்ஸ்எக்ஸ்11 என்ற துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். 2015-இல் வந்த ஜிசிசி 5 பதிப்பு ஸ்டிரிங்கின் உள்ளமைப்பை மாற்றியது. பழைய முறையில் கட்டியதும் புதிய முறையில் கட்டியதும் ஒன்றோடொன்று பேசாது. இரண்டையும் ஒரே கம்பைலரில், ஒரே கொடியோடு மறுபடி கட்டுவதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

"முதல் கால்லயே செத்துப்போகுது"

எக்ஸிட் கோடைப் பாருங்கள். 139 என்றால் செக்மென்டேஷன் ஃபால்ட். 134 என்றால் நிரல் தானே தன்னை முடித்துக்கொண்டது. 137 என்றால் வெளியிலிருந்து கொன்றிருக்கிறார்கள், பெரும்பாலும் மெமரி தீர்ந்ததால்.

பைதானிலிருந்து சி லைப்ரரிகளைக் கூப்பிட உதவும் சிடைப்ஸ் வழியாக 139 வந்தால் பத்துக்கு ஒன்பது தடவை காரணம் ஒன்றுதான். ஒரு ஃபங்ஷன் எதைத் திருப்பித் தரும் என்று நீங்கள் சொல்லாவிட்டால், சிடைப்ஸ் அதை 32 பிட் முழு எண் என்று எடுத்துக்கொள்ளும். சால்வர் தந்ததோ 64 பிட் பாயிண்டர். பாதி வெட்டுப்பட்ட முகவரியை அடுத்த அழைப்பில் திருப்பிக் கொடுத்தால் சாகாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ரெஸ்டைப், ஆர்க்டைப்ஸ் இரண்டையும் எழுதிவிடுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் போதாது, உள்ளே போகும்போதும் இதே வெட்டு நடக்கும்.

134 வந்து, எதையோ வீசியபின் டெர்மினேட் ஆனதாகச் செய்தி இருந்தால், சி++ எக்செப்ஷன் ஒன்று எல்லை தாண்டி வந்திருக்கிறது. அதைப் பிடிக்கப் பைதானுக்கோ கோ மொழிக்கோ தெரியாது. ரேப்பரின் ஒவ்வொரு வெளி ஃபங்ஷனிலும் எல்லாவற்றையும் பிடிக்கும் கேட்ச் ஒன்று வேண்டும். பிடித்ததைப் பிழை எண்ணாகவும் செய்தியாகவும் மாற்றித் திருப்புங்கள்.

"கொஞ்ச நேரம் நல்லா ஓடிட்டு அப்புறம் சாகுது"

யாருடைய பொருள், யார் எப்போது விடுவிப்பது என்ற கேள்வி இது. சால்வர் திரும்பக் கூப்பிடுவதற்கான பைதான் ஃபங்ஷனை (கால்பேக்) சி-க்குக் கொடுத்துவிட்டு அதைப் பைதான் பக்கம் ஒரு மாறியில் பிடித்து வைக்காவிட்டால், குப்பை அள்ளும்போது அதுவும் போய்விடும். சால்வர் அடுத்த தீர்வைச் சொல்லக் கூப்பிடும்போது அந்த இடத்தில் வேறு ஏதோ இருக்கும். சின்னச் சோதனைகளில் அந்த இடம் உடனே வேறு எதற்கும் போகாமல் இருக்கலாம் என்பதால் டெஸ்ட் எல்லாம் பச்சையாகவே இருக்கும்.

இசட்3-இன் சி ஏபிஐயை நேரடியாகப் பயன்படுத்தினால், ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை நீங்களே பார்த்துக்கொள்ளும் வகைக் கான்டெக்ஸ்டா, இல்லையா என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரே கான்டெக்ஸ்டை இரண்டு திரெட்டுகள் ஒரே நேரத்தில் தொடவும் கூடாது. திரெட்டுக்கு ஒரு கான்டெக்ஸ்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாவாவில் சால்வர் தானே உருவாக்கிய திரெட்டிலிருந்து கால்பேக் வரும். ஜேஎன்ஐ என்வி என்பது திரெட்டுக்குத் திரெட் வேறு. பழையதைச் சேமித்து வைத்துப் பயன்படுத்தினால் ஜேவிஎம் மொத்தமாக விழும். புதுத் திரெட்டை முதலில் அட்டாச் செய்யுங்கள், லிசனரைக் குளோபல் ரெஃபரன்ஸாக வைத்திருங்கள். எக்ஸ்செக் ஜேஎன்ஐ கொடியைப் போட்டு ஓட்டினால் பாதித் தவறுகளை ஜேவிஎம்மே காட்டிக்கொடுக்கும்.

சாகாமல் மெமரி மட்டும் ஏறிக்கொண்டே போனால் ஜீகோட் பக்கம் பாருங்கள். தேடல் எஞ்சினுக்கு நீங்கள் கொடுக்கும் ஸ்பேஸை (மாடலைத் தாங்கும் பொருளை) அது வழக்கமாக நகல் எடுத்துக்கொள்ளும், அசல் உங்களுடையதாகவே இருக்கும். எஞ்சின் தரும் ஒவ்வொரு தீர்வும் உங்கள் பொறுப்புதான். ஜாவாவின் ஹீப் வரைபடம் சமதளமாக இருக்கும், ப்ராசஸின் மெமரி மட்டும் மலை ஏறும். அந்த நேட்டிவ் மெமரி எவ்வளவு என்று குப்பை அள்ளுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

"தொங்கி நிக்குது, சிபியு பூஜ்யம்"

சிபியு நூறு சதவீதம் என்றால் சால்வர் உழைக்கிறது, காத்திருங்கள். பூஜ்யம் என்றால் யாரோ யாருக்காகவோ காத்திருக்கிறார்கள்.

சி++-ஐப் பைதானோடு இணைக்கும் பைபைண்ட்11 ரேப்பரில் வழக்கமான கதை: ஒரு நேரத்தில் ஒரே திரெட்டை மட்டும் பைதான் கோடை ஓட்டவிடும் ஜில் பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டே பிரதான திரெட் சால்வரைக் கூப்பிடுகிறது. சால்வரின் வேலைத் திரெட் ஒரு தீர்வைக் கண்டுபிடித்துப் பைதான் கால்பேக்கைக் கூப்பிடப் போகிறது. அதற்கு ஜில் வேண்டும். சிவாஜிநகர்ச் சந்தில் எதிரெதிரே நுழைந்த இரண்டு ஆட்டோ மாதிரி இரண்டுமே நகராது. சால்வ் ஃபங்ஷனை ஜில்லை விடுவிக்கும் கால் கார்டோடு கட்டுங்கள், கால்பேக்குக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். சிடைப்ஸில் சிடிஎல்எல் வழியாக லோடு செய்தால் இதை அதுவே பார்த்துக்கொள்கிறது. பைடிஎல்எல் வழியாகச் செய்தால் பார்க்காது.

தனி ப்ராசஸாக ஓட்டுபவர்களுக்கு இன்னொரு தொங்கல் உண்டு. லினக்ஸில் பைப்பின் கொள்ளளவு வழக்கமாக 64 கிலோபைட். மினிசிங்க் ஸ்டாண்டர்ட் எரரில் எழுதிக்கொண்டே இருக்கிறது, உங்கள் நிரல் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை மட்டும் படிக்கிறது. பைப் நிரம்பியதும் எழுதுகிறவர் நின்றுவிடுவார், படிக்கிறவர் காத்திருப்பார். பைதானில் கம்யூனிகேட்டைப் பயன்படுத்துங்கள். ஜாவாவில் எரர் ஸ்ட்ரீமைத் தனிக் கோப்புக்குத் திருப்புங்கள். இரண்டு ஸ்ட்ரீமையும் ஒன்றாகக் கலக்கும் குறுக்குவழி இருக்கிறது, வேண்டாம். ஜேசனுக்கு நடுவில் எச்சரிக்கை வந்து விழும்.

இத்தனைக்கும் பிறகும் தனி ப்ராசஸ்தான் என் தேர்வு. சால்வர் விழுந்தால் அது மட்டும் விழும், மேலே ஓடும் சேவை தொடர்ந்து ஓடும். கேப் ஒதுக்கீட்டில் தேடல் பல வினாடிகள் ஓடுகிறது. தரவை ஜேசனாக்கி அனுப்பும் மில்லிசெகண்டுகளைச் சேமித்து எதற்கு? நேரம் தாண்டியதும் கொல்வதாக இருந்தால் ப்ராசஸ் குழுவையே கொல்லுங்கள். மினிசிங்கை மட்டும் கொன்றால், அது கிளப்பிவிட்ட சால்வர் அனாதையாக ஓடிக்கொண்டிருக்கலாம்.

"தீர்வு இல்லைங்குது, ஆனா இருக்கு"

"அண்ணா, ஆள் இருக்காங்க, வண்டி இருக்கு, சால்வர் மட்டும் முடியாதுங்குது."

"ஸ்டேட்டஸ் என்ன வந்ததுன்னு பார்த்தியாப்பா?"

"ஃபால்ஸ்னு வந்துச்சுண்ணா."

சிபி-சாட்டும் இசட்3-உம் வெறும் ஃபால்ஸ் என்று மட்டும் சொல்வதில்லை. நடுவில் யாரோ அதை அப்படிச் சுருக்கியிருக்கிறார்கள். சிபி-சாட்டில் 0 என்றால் தெரியவில்லை, 1 என்றால் மாடலே செல்லாது, 2 என்றால் தீர்வு கிடைத்தது, 3 என்றால் தீர்வு இல்லை என்று நிரூபணமாகிவிட்டது, 4 என்றால் இதுதான் சிறந்த தீர்வு. "நேரம் போதவில்லை" என்பதையும் "முடியவே முடியாது" என்பதையும் ஒரே பெட்டியில் போட்டால் அடுத்து என்ன செய்வது என்றே தெரியாது. 1 வந்தால் வேலிடேட் ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள், எங்கே கோளாறு என்று வார்த்தையிலேயே சொல்லும்.

இசட்3-இன் சி ஏபிஐ இதைவிட நயவஞ்சகம். அங்கே சாட் (தீர்வு உண்டு) என்றால் 1, தெரியவில்லை என்றால் 0, அன்சாட் (தீர்வு இல்லை) என்றால் −1. பூஜ்யம் அல்லாததெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்ளும் மொழியில் இஃப் போட்டால், தீர்வே இல்லை என்ற பதில் "தீர்வு உண்டு" ஆகிவிடும். பூலியனாக மாற்றவே கூடாது. மூன்று பெயரிட்ட மதிப்புகள் உள்ள எனம் (enum) வகையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நேர வரம்பு. சிபி-சாட்டுக்கு வினாடியில் சொல்ல வேண்டும், இசட்3-க்கும் மினிசிங்குக்கும் மில்லிசெகண்டில். ஒரே அமைப்புக் கோப்பிலிருந்து 30 என்று எடுத்து இசட்3-க்குக் கொடுத்தால், கண்ணிமைக்கும் நேரத்தில் "தெரியவில்லை" என்று வந்துவிடும். 30000 என்று எடுத்துச் சிபி-சாட்டுக்குக் கொடுத்தால் எட்டு மணி நேரத்துக்குமேல் ஓட அனுமதி கொடுத்திருக்கிறீர்கள்.

எண்கள் கைமாறும்போது கெடுவது இன்னொரு பெரிய வகை. ஜீகோட்டின் முழு எண் 32 பிட், எல்லை 2147483646. ஜாவாவிலிருந்து எபோக் மில்லிசெகண்டை (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் நேரத்தை) அப்படியே கொடுத்தால் அதில் அடங்காது. ரேப்பர் 32 பிட்டுக்கு வெட்டிக் கொடுத்தால் ஷிஃப்ட் முடிவு தொடக்கத்துக்கு முன்னால் வந்து நிற்கும். சால்வர் நியாயமாகவே முடியாது என்னும். எங்கள் வழக்கம், வாரத் தொடக்கத்திலிருந்து நிமிடக் கணக்கு. ஒரு வாரத்துக்கு 10080 நிமிடம்தான், எங்கே போட்டாலும் அடங்கும். தேடல்வெளியும் சிறுத்துவிடுகிறது.

நடுவில் நோட் இருந்தால், 9007199254740991-க்கு மேற்பட்ட முழு எண்ணின் கடைசி இலக்கங்களை நம்ப முடியாது. பணியாளர் ஐடி 64 பிட் என்றால் ஸ்டிரிங்காக அனுப்புங்கள். சால்வருக்கு ஐடியே தேவையில்லை, வரிசை எண் போதும்.

சிபி-சாட் முழு எண்களில்தான் வேலை செய்யும் என்பதால் தூரத்தையும் செலவையும் நூறால் பெருக்கி அனுப்புகிறோம். பைதானில் 0.29-ஐ நூறால் பெருக்கி இன்ட் போட்டால் 28 வரும். ரவுண்ட் போட்டால் 29. "சரியாக இவ்வளவு" என்ற சமன்பாடு ஒன்று இருந்தால் அந்த ஒரு எண் வித்தியாசத்திலேயே மாடல் செத்துவிடும்.

மினிசிங்கில் அணிகள் வழக்கமாக 1-இலிருந்து தொடங்கும். பைதான் பக்கத்திலிருந்து 0-வது வண்டி என்று அனுப்பினால், வரம்புக்கு வெளியே போனதற்காக நிரல் விழும் என்று எதிர்பார்ப்பீர்கள். விழாது. மினிசிங்கின் இலக்கணப்படி வரையறுக்க முடியாத கோவை, அதைச் சுற்றியுள்ள நிபந்தனையைப் பொய்யாக்கிவிடும். விளைவு, "தீர்வு இல்லை". எச்சரிக்கை ஒன்று ஸ்டாண்டர்ட் எரரில் வரும். தொங்கல் பிரச்சினைக்குப் பயந்து அதைக் குப்பையில் போட்டிருந்தால் அதுவும் கண்ணில் படாது.

"தீர்வு வருது, ஆனா நிபந்தனையை மீறுது"

பைதானில் இசட்3 எழுதுபவர்கள் இங்கே கவனியுங்கள். எக்ஸ் 3-க்குச் சமம், ஒய் 4-க்குச் சமம் என்ற இரண்டையும் பைதானின் சின்ன எழுத்து ஆண்டால் இணைத்தால் பிழைச்செய்தி எதுவும் வராது. இரண்டாவது நிபந்தனை காணாமல் போய்விடும். பைதான் முதல் கோவையை உண்மையா பொய்யா என்று கேட்கிறது. இசட்3 அந்தச் சமன்பாட்டின் இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பார்த்து, இல்லை என்கிறது. பைதான் முதல் கோவையை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. இசட்3 தரும் பெரிய எழுத்து ஆண்ட், ஆர், நாட் ஃபங்ஷன்களைத்தான் பயன்படுத்த வேண்டும். முதலில் சொன்ன கோப்பு ஏற்றுமதி இங்கே உடனே காட்டிக்கொடுக்கும்: நிபந்தனைகளை எண்ணிப் பாருங்கள், குறையும்.

இன்னொரு காரணம், கால்பேக்கில் நிபந்தனை சரிபார்ப்பது. சிடைப்ஸ் கால்பேக்குக்குள் பைதான் எக்செப்ஷன் வந்தால் அது திரையில் அச்சாகிவிட்டுப் புறக்கணிக்கப்படும். சால்வருக்குப் போவது ஒரு பூஜ்யம். பூஜ்யத்துக்கு உங்கள் ரேப்பரில் "பரவாயில்லை, தொடரு" என்று பொருள் இருந்தால் கதை முடிந்தது. தோல்விக்குப் பூஜ்யத்தையும் வெற்றிக்கு வேறு எண்ணையும் வைத்துவிடுங்கள்.

எதுவாக இருந்தாலும், வந்த தீர்வை உங்கள் மொழியிலேயே எழுதிய சின்னச் சரிபார்ப்பான் ஒன்று தனியாகப் பார்க்கட்டும். சால்வரின் வகுப்பு எதையும் அது இறக்குமதி செய்யக் கூடாது. ஒரு வண்டிக்கு ஆள் எண்ணிக்கை, ஷிஃப்டுக்கு நடுவே ஓய்வு, கடைசியாக இறங்குபவர் என்று வெறும் ஃபார் லூப் போதும். அதில் தோற்ற பட்டியல் ஓட்டுநரின் ஆப்புக்குப் போகவே கூடாது.

"லேப்டாப்ல வேகம், சர்வர்ல ஆமை"

கன்டெய்னருக்கு 2 சிபியு என்று வரம்பு வைத்திருப்பீர்கள், கீழே இருக்கும் இயந்திரத்துக்கு 32 கோர் இருக்கும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் சிபி-சாட் கண்ணில் தெரியும் கோர்களுக்கு ஏற்பத் திரெட்டுகளைக் கிளப்பும். 32 திரெட்டும் 2 சிபியு பங்குக்கு அடித்துக்கொள்ளும், ஒவ்வொன்றும் மெமரியையும் எடுத்துக்கொள்ளும், கடைசியில் 137. எத்தனை திரெட் என்று சொல்லும் நம்_வொர்க்கர்ஸ் (num_workers) அளவுருவைக் கன்டெய்னரின் வரம்புக்குச் சமமாக நீங்களே எழுதிக் கொடுங்கள்.

"ஒவ்வொரு தடவையும் விடை மாறுது"

பெரும்பாலும் இது பிழையே இல்லை. ஒரே செலவில் பல சிறந்த தீர்வுகள் இருந்தால், பல திரெட்டுகளில் எது முதலில் வருகிறதோ அது கிடைக்கும். டெஸ்டில் தீர்வை ஒப்பிடாமல் செலவை மட்டும் ஒப்பிடுங்கள். நேற்றுப் பெல்லந்தூரில் ஏறியவரை இன்று வேறு வண்டிக்கு மாற்றினால் அவர் போன் செய்து திட்டுகிறார் என்றால், பழைய வண்டியிலேயே இருப்பதற்கு ஒரு சின்ன வெகுமதியை மாடலில் சேருங்கள். செலவும் மாறுகிறது என்றால் மட்டும் பயப்படலாம். அப்போது ஸ்டேட்டஸ் 2-ஆ 4-ஆ என்று பாருங்கள். 2 என்றால் நேரம் தீர்ந்து பாதியில் எழுந்து வந்த விடை. 4 வந்தும் செலவு மாறினால், ஒரு வொர்க்கரும் நிலையான ரேண்டம் சீடும் வைத்து மறுபடி ஓட்டி, இரண்டு ஓட்டத்தின் மாடல் கோப்புகளையும் டிஃப் போட்டுப் பாருங்கள். கோப்பிலேயே வித்தியாசம் இருந்தால், சால்வருக்குப் போவதற்கு முன்பே உங்கள் பக்கத்தில் ஏதோ ஒன்று மாறுகிறது.